செத்தவரை எழுப்பி உட்காரவைத்த வரி

கதை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறீர்களே, கடைசியாக ஒன்றை எழுதி முடித்தது எப்போது? ஆரம்பித்ததைக் கேட்கவில்லை. ஆரம்பிக்க எந்த நாயாலும் முடியும். முடித்ததைக் கேட்கிறேன்.

பதில் வேண்டாம். இந்தக் கேள்வியை யாராவது என்னிடம் கேட்டால் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று இருக்கும். அந்தக் கடுப்பு உங்களுக்கும் கொஞ்சம் வரட்டும் என்றுதான் கேட்டேன். என் போனில் ஒரு ஃபோல்டர் நிறைய பாதிக் கதைகள் கிடக்கின்றன. பெருநகர் என்கிற ஊரில் செய்யாற்று மணலில் செருப்பைத் தொலைத்த ஒரு பெண் இன்னும் வெறுங்காலோடு நிற்கிறாள். திருப்புலிவனம் ஸ்டாப்பிங்கில் இரண்டு பேர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். நான் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும்போது வந்து நின்றவர்கள். எனக்கு டிகிரியே வந்துவிட்டது, அவர்களுக்கு பஸ் வரவில்லை.

ஆன்லைன் எழுத்துக் குழுக்களில் அறிவுரை மட்டும் வண்டி வண்டியாய்க் கொட்டுவார்கள். முதலில் முடிவை யோசி, அப்புறம் எழுது என்பார்கள். தினமும் ஒரே நேரத்துக்கு உட்கார் என்பார்கள். சொல்கிற ஆட்களில் பாதிப் பேர் எழுதியதை நான் படித்திருக்கிறேன். முடித்திருக்கிறார்கள், ஆமாம். அதை முடிக்காமலே விட்டிருக்கலாம். எனக்கு முடிவு தெரியாமல் இல்லை. முதல் வரி எழுதும்போதே கடைசி வரி தெரிந்துவிடும். அதன் பக்கத்தில் போனதும் கை நின்றுவிடும். கரண்ட் போச்சு, அம்மா கூப்பிட்டாள், பஸ் வந்துவிட்டது என்று நானும் ரொம்ப நாள் கதை விட்டுக்கொண்டிருந்தேன்.

அதை நம்பாத ஒரே ஆள் என் சிநேகிதி. காஞ்சிபுரத்தில் ஒரே வகுப்பில் பி.காம். படித்தோம், ஒரே பஸ்ஸில் தொங்கினோம். அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, உத்திரமேரூர் பஜாரில் ஹார்டுவேர் கடை. படிப்பு முடிந்ததும் அவள் அந்தக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தாள். நான் சாலவாக்கம் ரோட்டில் இறங்கி உள்ளே நடக்கிற எங்கள் ஊரில், எக்ஸாமுக்குப் படிக்கிறேன் என்ற பெயரில் வீட்டில் உட்கார்ந்தேன். எழுதும் எல்லாவற்றையும் அவளுக்கு அனுப்புவேன். அவளும் விடாமல் படித்துவிட்டுத் திட்டுவாள்.

போன வருஷக் கடைசியில் அவளுக்கு ஆம்பூரில் மாப்பிள்ளை அமைந்தது. நிக்காஹ் தேதி குறித்த வாரம் கடைக்குப் போனேன். பிளாஸ்டிக் பக்கெட் அடுக்குக்கும் பைப்புக் கட்டுக்கும் நடுவில் எனக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. அதில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள்.

“ஏய், போறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு முடிச்சிக் குடுடி. பாதி பாதியா படிச்சி எனக்குத் தலவலிதான் மிச்சம். வேற எந்த கிஃப்ட்டும் வேணாம்.”

எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொன்னேன்.

“எங்க அத்தா கூடத்தான் கேட் வால்வு வந்துக்கினே கீதுன்னு சொல்லிக்கினு கீறாரு.”

அது அந்தக் கடையின் பழைய ஜோக். அவளுடைய அத்தா வந்த ஆளிடம் ‘இல்லை’ என்ற வார்த்தையைச் சொல்லவே மாட்டார். கடையில் அந்த வார்த்தை ஆகாது. சரக்கு இல்லையென்றால் ‘நாளைக்கு வரும்’. கம்பெனியே நிறுத்திவிட்ட சரக்கானாலும் ‘நாளைக்கு வரும்’. தண்ணீர்க் குழாயில் மாட்டுகிற முக்கால் இஞ்ச் கேட் வால்வு கேட்டு ஒரு ஆள் மாதக்கணக்காக வந்து போய்க்கொண்டிருந்தார். அவருக்கும் அது வராது என்று தெரியும். அத்தாவுக்கும் தெரியும். இருந்தாலும் இருவரும் மரியாதையாகப் பேசிப் பிரிவார்கள். நீயும் எங்கள் அத்தாவும் ஒன்று என்றாள் சிநேகிதி. எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்த வேகத்தில் ஒரு கதையை எடுத்தேன்.

அது எங்கள் அப்பாவை வைத்து எழுதியது. போன வருஷம் நவரைப் பட்டத்து அறுப்பில் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, எடைக்கு முறை வரும்வரை அப்பா அந்தக் குவியல் மேலேயே கிடந்தார். சித்திரை வெயிலில் காய்கிற நெல், பொழுது சாய்ந்தால் திடீர் மழையில் நனையும். ஈரம் ஏறினால் எடுக்க மாட்டேன் என்பார்கள். அதனால் ஒவ்வொரு குவியல் மேலும் ஒரு ஆளும் ஒரு தார்ப்பாயும் கிடக்கும். நான் தூக்குச் சட்டியில் சாப்பாடு கொண்டுபோவேன். அப்பா பச்சைத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் தூங்குகிறாரா இல்லையா என்று தெரியாது. அந்த ஒரு நொடியில் வந்த கதை அது.

கதையில் ஒருவர் குவியல் மேல் படுத்திருக்கிறார். மதிய வெயிலில் உயிர் போய்விடுகிறது. யாருக்கும் தெரியவில்லை. மழை தூறுகிறது. பக்கத்துக் குவியல்காரர், பாவம் அசந்து தூங்குகிறார் என்று நினைத்து அவருக்கும் நெல்லுக்கும் சேர்த்துத் தார்ப்பாயை இழுத்துப் போர்த்துகிறார். மழை விட்டதும் எடை போடுகிற ஆள் வந்து அவருடைய முறையைக் கூப்பிடுகிறார். பதில் இல்லை. தார்ப்பாயை விலக்குகிறார்கள். நெல் நனையாமல் இருந்தது. அதுதான் கடைசி வரி.

ஒரே மதியத்தில் எழுதி முடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதைக்கு அடியில் எழுத எதுவும் மிச்சமில்லாமல் போனை வைத்தேன். அதைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். அந்த கேப்பில் அம்மா எடுத்துவிட்டாள். சீரியல் பார்க்க என் போன் லாக்கை எப்போதோ கற்றுக்கொண்டவள். எட்டாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டி வாய்விட்டு முழுக்க வாசித்திருக்கிறாள். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வரும்போது அடுப்படி வாசலில் போனைப் பிடித்தபடி நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

“யாருடி இது?”

யாருமில்லை, கற்பனை என்றேன்.

“பேரே போடல. பேரு இல்லன்னா யாரு? அதே பச்சத் துண்டு, அதே தூக்குச் சட்டி. இன்னும் கொஞ்ச நாள்ல உங்க நைனா திரும்ப அங்கதான் போயி படுக்கப் போறாரு. நீ இன்னா எழுதி வச்சிக்கினு கீற?”

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீடும் அப்படித்தான் இருக்கும். டப்பாவில் அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்லக்கூடாது, நிறைந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். விளக்கு அணைந்தால் மலையேறிவிட்டது. வெளியே கிளம்பும்போது போகிறேன் என்று வாய் தவறி வந்தால் திரும்ப உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, வருகிறேன் என்று சொல்லிப் போக வேண்டும். இந்த லட்சணத்தில் வளர்த்துவிட்டு, கதையை ஏன் முடிக்கவில்லை என்று கேட்கிறார்கள். எங்கே முடிப்பது? முடிகிறது என்ற வார்த்தையே வாசலுக்கு வெளியே நிற்கிறது.

அம்மாவிடம் கத்தினேன். டிவியில் தினம் ஒருத்தன் சாகிறானே, அவன் பெண்டாட்டி போய் டைரக்டரிடம் சண்டை போட்டாளா என்றேன். இதெல்லாம் மூடநம்பிக்கை என்றேன். காலேஜில் மேடையேறிப் பேசிய எல்லாவற்றையும் அடுப்படியில் பேசினேன். அம்மா போனை என் கையில் வைத்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பொழச்சி எழுந்தாருன்னு ஒரு வரி போடு. உனக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?”

அழுதுகொண்டே கேட்டாள். போட்டேன். ‘அவர் எழுந்து உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.’ அவள் அந்த வரியையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் சோறு வடிக்கப் போனாள்.

அவள் போனதும் அந்த வரியை அழித்துவிட்டு அனுப்ப வேண்டும் என்றுதான் நினைத்தேன். பேக்ஸ்பேஸ் மேல் விரல் போனது. வெளியே அப்பா மோட்டார் கொட்டகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், ஷாக் அடிக்கிற பழைய ஸ்விட்ச் போர்டு அது. அவர் திரும்பி வரட்டும், அழிக்கலாம் என்று வைத்தேன். வந்தார். மறுநாள் மருந்து அடிக்கப் போனார். அடித்துவிட்டு வரட்டும் என்று வைத்தேன். அப்புறம் பைக்கில் செங்கல்பட்டு போக வேண்டி இருந்தது. ஒரு மனுஷன் பத்திரமாக வீட்டுக்குள் இருக்கிற நேரம் என்று ஒன்று இல்லவே இல்லை. இந்த ஆராய்ச்சியெல்லாம் செய்தது அம்மா இல்லை, நான். மேடையில் பேசிய நான். அந்த வரியோடேயே சிநேகிதிக்கு அனுப்பித் தொலைத்தேன்.

அடுத்த நாள் கடைக்கு வரச் சொன்னாள். போனேன். கல்லாவை விட்டு எழுந்து வந்து என் முன்னால் நின்றாள்.

“தண்ணி கேட்டாரா? அப்ப இவ்ளோ நேரம் நான் எதுக்குடி அழுதேன்?”

அம்மா விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, சரி, அது உங்கம்மா போடச் சொன்னது, அனுப்பியது யார் என்றாள். எங்கள் பேச்சு காதில் விழாத மாதிரி அவளுடைய அத்தா தார்ப்பாய்களை அளந்து மடித்துக்கொண்டிருந்தார்.

“உங்கம்மாவுக்கு பயம், அது நாயம். அவங்க புருசன். நீ எழுதறவதான? உன் கதயில ஒருத்தன் நிம்மதியா சாவக்கூட முடியல. பஸ் ஸ்டாப்புல நிக்கறவங்கள பஸ்ஸு ஏத்தி அனுப்பு, போவட்டும். யாரயுமே வுட மாட்டியா?”

கடுப்பில் நானும் பேசினேன். நீ கல்யாணம் பண்ணிக்கொண்டு போகிறாய், உனக்கென்ன, ஊரில் கிடந்து இவர்களோடு மல்லுக்கட்டப் போவது நான்தானே என்றேன். பேசியிருக்கக் கூடாது. ஆனால் பொய்யும் இல்லை. அவள் பக்கெட் அடுக்கின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆம்பூர் போக அவளுக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பி.காம். படித்துவிட்டு அந்தக் கடையை அவள்தான் நடத்திக்கொண்டிருந்தாள். இதற்கிடையில் அத்தாவுக்குத் தெரியாமல் ஆன்லைனில் கேட் வால்வு ஆர்டர் போட்டு, அந்த ஆளை வரவழைத்துக் கொடுத்தும் இருந்தாள்.

நிக்காஹ் முடிந்து அவள் கிளம்பிய மதியம் மண்டப வாசலில் கார் நின்றது. பெண்கள் சூழ்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். கடைசியாக என்னைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி “நான் போறேன்” என்றாள். அவளுடைய பெரியம்மா உடனே, போறேன்னு சொல்லாதம்மா, வரேன்னு சொல்லு என்றார். அவள் திருத்தவில்லை. என் காதில் மட்டும் சொன்னாள்.

“சொல்லிட்டேன் பாத்தியா? ஒண்ணும் ஆவல. நீயும் முடி.”

கார் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போகிற நேரத்தில் கூட எனக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போகிறாளே என்று இருந்தது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

அப்புறம் ஆம்பூரிலிருந்து மெசேஜ் போடுவாள். சாப்பாடு, மாமியார், அங்குள்ள வெயில் என்று எதையாவது எழுதுவாள். கதையைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம் பேஜாராக இருந்தது. கேட்பதை நிறுத்தியதும் அதைவிடப் பேஜார். என்னைக் கைகழுவிவிட்டாள் என்றே நினைத்தேன்.

இந்த வருஷ நவரையும் வந்துவிட்டது. அறுப்பு மெஷின் வந்து போனது, நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டியாகிவிட்டது. அப்பா மறுபடியும் குவியல் மேல் படுத்திருக்கிறார். இன்று மதியம் நான்தான் சாப்பாடு கொண்டுபோனேன். துண்டை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். ஊறுகாய் இல்லையா என்று கேட்டார். முறை நாளைக்கு வரும் என்று சொன்னார்கள் என்றார். நேற்றும் அதையேதான் சொன்னார்களாம். சாப்பிட்டு முடித்ததும் தூக்குச் சட்டியை வாங்கிக்கொண்டு, வரேன் நைனா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். அவர் பத்திரமாக இருக்கிற நேரத்துக்காகக் காத்திருந்தால் எனக்கு முடி நரைத்துவிடும். அம்மா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கடைசி வரியை அழித்தேன். தண்ணீர் போனது, எழுந்தது போனது, உட்கார்ந்தது போனது. ‘நெல் நனையாமல் இருந்தது’ என்பதற்கு அடியில் வெள்ளையாக இருந்தது. ஆம்பூருக்கு அனுப்பினேன். உடனே படித்துவிட்டாள். “அப்பாடா, செத்தாரு” என்று ஒரே ஒரு மெசேஜ் வந்தது. அதைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்த கையோடு விரல் அப்பாவின் நம்பருக்குப் போனது. அந்த எழவெடுத்த விரலுக்கு எந்தக் காலேஜும் பாடம் நடத்தவில்லை. அதன் மேல்தான் எனக்கு இப்போது இருக்கிற கோபமெல்லாம்.

மேற்கே மேகம் கட்டியிருக்கிறது. அப்பாவின் போனுக்கு அடித்துக்கொண்டே இதை டைப் செய்கிறேன். ஸ்விட்ச் ஆஃப் என்று வருகிறது.