சுவரில் வராத பெயர்

இக்காஸ்ட் நகரில் மூடிக்கிடந்த பழைய பின்னல் ஆலையைத் துணித்தொழிலாளருக்கான தேசிய நினைவகமும் அருங்காட்சியகமுமாக மாற்றுவதற்கு ஒரு குழு ஐந்து வருடமாக டேனிஷ் அரசிடம் நிதி கேட்டு வந்தது. கடைசியில் அமைச்சிலிருந்து இரண்டு அதிகாரிகள் இடத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து அங்கே வேலை செய்த ஒருவர் அவர்கள் முன் பேசினால் நல்லது என்று குழுத் தலைவி கிர்ஸ்டன் இன்பமலரைக் கேட்டார்.

இன்பமலருக்கு அறுபத்தொரு வயது. அந்த ஆலையில் பதினைந்து வருடம் ரீசேட் சட்டைகளுக்குக் கழுத்துத் தைத்தவர். ஆலை மூடியபின் முதியோர் இல்லமொன்றில் வேலை. மேடைப் பேச்செல்லாம் அவருக்கு ஒத்துவராது. ஆனாலும் சம்மதித்தார். நினைவகத்தில் ஒரு சுவர் எழுப்பி, வேலையில் இறந்தவர்களின் பெயர்களை அதில் பொறிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். கூட வேலை செய்த தோழி தவமலரின் பெயரும் அதில் வரவேண்டும் என்பது அவர் எண்ணம்.

இருவரும் ஒரே கிழமையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். 1997 தை மாதம், இன்பமலரின் மகன் ஜெனோஷனுக்குக் காய்ச்சல் கண்டது. "நீ பிள்ளையோட நில். உன்ர இரவு வேலையை நான் செய்யிறன்" என்று சொல்லிவிட்டுத் தவமலர் போனார். காலையில் சைக்கிளில் திரும்பும்போது வழியில் உறைபனி வழுக்கி, லொறியில் அடிபட்டு இறந்தார். அவருடைய மகள் ஷாரனுக்கு அப்போது ஆறு வயது. வேலை மாற்றிய விஷயத்தை இன்பமலர் ஷாரனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அதிகாரிகள் வந்த அன்று, கிர்ஸ்டன் எழுதிக் கொடுத்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு இன்பமலர் தவமலரைப் பற்றியே, அவருடைய ஓயாத கதையிலிருந்து அந்தக் காலை விபத்து வரை, டேனிஷில் பேசினார். அதிகாரிகளில் ஒருவர், ஒரு பெண், குறிப்பு எழுதிக்கொண்டே கேட்டார்.

"விபத்து ஆலை வளவுக்குள்ளா நடந்தது?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அதை மறுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை.

"இல்லை. வாசலிலிருந்து நானூறு மீற்றர் தள்ளி, றோட்டில்."

அந்தப் பெண் தலையாட்டினார். வேலைக்குப் போய்வரும் வழியில் நடந்தவை பதிவில் வேலை விபத்தாகக் கொள்ளப்படுவதில்லை, சுவருக்கும் அதுதான் விதி என்று மரியாதையாகச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை இன்பமலர் பக்கத்து நகரமான ஹேர்னிங்குக்குக் கார் ஓட்டிப் போனார். ஷாரன் அங்கே பல் வைத்தியர். தேத்தண்ணி ஆறும்வரை வேறு கதை கதைத்துவிட்டு, பெயர் வராது என்பதையும், அன்றைய இரவு வேலை யாருடையது என்பதையும் சொன்னார்.

"தெரியும் அன்ரி" என்றாள் ஷாரன். "எனக்குப் பதினாலு வயசில அப்பா சொன்னவர்."

"தெரிஞ்சுமா ஒவ்வொரு நத்தாருக்கும் எங்கட வீட்டை வந்தனி?"

"ரெண்டு வருசம் வரேல்லை. சோதனைக்குப் படிக்கிறன் எண்டு அப்பா உங்களுக்குச் சாட்டுச் சொன்னவர்."

இன்பமலருக்கு ஞாபகம் வந்தது. அந்த இரண்டு வருடமும் கிறிஸ்மஸ் பலகாரத்தைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார். சாட்டை அப்படியே நம்பியுமிருந்தார். கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"பிறகு கோவம் போட்டுது" என்றாள் ஷாரன். "எப்ப போனதெண்டு தெரியேல்லை." டேனிஷுக்கு மாறிச் சொன்னாள்: அம்மாவுக்கு அந்த ஆலை பிடிக்கவே பிடிக்காது, அங்கே அவருடைய பெயர் வேண்டும் என்று தான் ஒருநாளும் நினைத்ததில்லை.

"எனக்குத்தான் வேணும்போல இருந்தது, பிள்ளை" என்றார் இன்பமலர்.

அடுத்த வருடம் நிதி கிடைத்தது. கேட்டதிலும் குறைவு என்பதால் மேல்மாடித் திட்டத்தைக் கைவிட்டார்கள். சுவரில் நாற்பத்தொரு பெயர்கள் வந்தன. இன்பமலர் பேசியதைக் கிர்ஸ்டன் ஒலிப்பதிவாக்கி, தையல் பகுதியில் கேட்கும்படி வைத்தார்.

திறப்பு விழாவுக்கு ஷாரனும் வந்தாள். பேச்சுகள் முடிந்ததும் இன்பமலர் அவளைத் தையல் பகுதிக்குக் கூட்டிப்போய், தாங்கள் இருவரும் இருந்து தைத்த இடத்தைக் காட்டினார். இப்போது அங்கே ஒரு வாங்கு கிடந்தது. ஷாரன் அந்த வாங்கில் அமர்ந்து பதிவை முழுதும் கேட்டாள். முடிந்ததும், "அம்மா இவ்வளவு கதைக்கிற ஆளோ?" என்று கேட்டாள்.

"ஓம். மெஷின் சத்தத்துக்கு மேலால கதைப்பா" என்றார் இன்பமலர்.