வார்னிஷ் பூசாத எட்டுக் கட்டில்கள்

மலர் மிஸ் இறந்த செய்தி வந்தபோது நான் ஆய்வுகூடத்தில் கையுறையோடு நின்றிருந்தேன். மேசையில் தொலைபேசி இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தேன். அவருடைய தம்பி பேசினார். "அக்கா போயிட்டாங்க சேர். காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க. வேன் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

அவரோடு வேலை செய்த உங்களுக்கு நான் அறிமுகம் சொல்லத் தேவையில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். செல்வமலர் நம் வைத்தியசாலையின் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியாக இருந்தவர். பிறகு காயத்துக்கு மருந்து கட்டும் அறைக்கு மாற்றப்பட்டார். ஏன் மாற்றப்பட்டார் என்பதில் உங்களுக்குத் தெரிந்தது பாதிதான். மீதி எனக்குத் தெரியும்.

ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர் அவர். பால் வெட்டப் போன தாய் சரிவில் விழுந்து கால் முறிந்து, வைத்தியசாலையில் கிடந்து இறந்துபோனார். இதை ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார். "எலும்பு நல்லா கூடிருச்சு சேர். வாட்டுல புடிச்ச கிருமிதான் விடல."

நம் சத்திரசிகிச்சை வாட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கை கழுவ ஒரே ஒரு தொட்டி, அதுவும் கடைசிக் கோடியில். எழும்ப முடியாதவர்கள் கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்துத்தான் புரண்டு படுப்பார்கள். அதே கம்பியை நாமும் பிடிப்போம். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போவோம். தோட்டத்து ஆட்களுக்கு இதைவிட்டால் வேறு இடமும் இல்லை.

செம்பின் மேல் கிருமிகள் அதிக நேரம் உயிரோடு இருப்பதில்லை என்று மலர் மிஸ் எங்கோ படித்திருந்தார். விடாமல் கடிதம் எழுதினார். முன்பு இங்கே இருந்து வெளிநாடு போன மருத்துவர் ஒருவர், எட்டுக் கட்டில்களின் கம்பிகளுக்குப் போதுமான செம்புத் தகடு அனுப்பினார். அதைக் கம்பிகளின் மேல் சுற்றிப் பொருத்தினார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. அவரோ ஒவ்வொரு வாரமும் செம்புக் கம்பியிலும் பெயின்ற் பூசிய கம்பியிலும் பஞ்சுக்குச்சியால் துடைத்து என்னிடம் கொண்டுவந்தார். பெயின்ற் கம்பியிலிருந்து எடுத்தது, கிருமி வளர்த்துப் பார்க்கும் தட்டு முழுக்க வளர்ந்தது. செம்பிலிருந்து எடுத்தது பெரும்பாலும் வெறுந்தட்டாகவே இருந்தது. நான் வியந்து நின்றபோதும் அவர் சிரிக்கவில்லை. சிற்றூழியர்களைக் கூட்டி, தமிழிலும் சிங்களத்திலும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்: "செம்பு இருக்குன்னு கை கழுவாம விட்டுறாதீங்க."

செம்பு கைபட்டுக் கறுக்கும். பார்ப்பவர்களுக்கு அது அழுக்கு. மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்றதும் நிர்வாகத்தில் ஒருவர் அந்தக் கம்பிகளைத் துலக்கி வார்னிஷ் பூசச் சொன்னார். மலர் மிஸ் இரண்டு நாள் லீவு முடிந்து வந்தபோது எட்டுக் கட்டில்களும் பளபளத்தன. அன்றே பஞ்சுக்குச்சிகளோடு வந்தார். இரண்டாம் நாள் தட்டுகளைத் திறந்தோம். எட்டிலும் கிருமி நெருக்கமாக வளர்ந்திருந்தது. செம்பு உள்ளே இருந்தது, ஆனால் வார்னிஷைத் தாண்டி எதையும் அது தொடவில்லை.

"இதை எழுதிக் குடுங்க சேர். வாயால சொன்னா நான் கிளப்பிவிட்டதா ஆயிரும்" என்றார்.

அறிக்கையை எழுதினேன். கையொப்பம் இடும் முன் நிர்வாகத்திலிருந்து அழைத்தார்கள். பார்வையிட வருபவர்கள் போகும்வரை ஒன்றும் எழுத்தில் வேண்டாம் என்றார்கள். யாரும் மிரட்டவில்லை. என் யாழ்ப்பாண இடமாற்ற விண்ணப்பம் அதே மேசையில்தான் கிடந்தது. என் தாய் அங்கே தனியே படுக்கையில் இருந்தார். நான் அறிக்கையை மேசை இலாச்சியில் வைத்துப் பூட்டினேன். மலர் மிஸ் கேட்டபோது, "கொஞ்சம் பொறுங்கோ மிஸ்" என்றேன். அவர் தினமும் வந்து கேட்டார். நான் தினமும் அதையே சொன்னேன். ஒருநாள் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அந்த நாட்களில் அந்தக் கட்டில்களில் இருந்த ஒருவருக்குப் புண் சீழ் பிடித்தது. கம்பியால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்று சொல்ல எனக்கும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மலர் மிஸ் வார்னிஷைக் கரைக்கும் தின்னர் போத்தலும் துணியும் கொண்டுவந்தார். யன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, எட்டுக் கட்டில்களின் வார்னிஷையும் தனியாகத் துடைத்து எடுத்தார். அரச சொத்தைச் சேதப்படுத்தியதாக விசாரணை வைத்தார்கள். ஆய்வுகூடத்தில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார்கள். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

"யாரும் சொல்லல. நான் படிச்சத வச்சு செஞ்சேன்" என்றார்.

எழுந்து உள்ளே போக நாலைந்து அடிகூட இல்லை. நான் எழவில்லை.

அவரை மருந்து கட்டும் அறைக்கு மாற்றினார்கள். என் இடமாற்றமும் கிடைக்கவில்லை. ஒரே நடைபாதையில் என் கதவும் அவர் கதவும். தினமும் காலையில் அவர்தான் முதலில், "சாப்பிட்டீங்களா சேர்?" என்று கேட்பார். அம்மா இறந்து நான் ஊருக்குப் போய் வந்தபோது, தன் அறையிலிருந்து கதிரையைத் தூக்கிவந்து என் பக்கத்தில் போட்டு, அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தப்பிக்க ஒரு வழி கிடைத்திருக்கும்.

இறுதிக் கிரியைக்கு யட்டியாந்தோட்டையில் இருந்த அவர் தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி என் கையைப் பிடித்து, "உங்களப் பத்தி அடிக்கடி சொல்லுவாங்க. அந்த ஆஸ்பத்திரியில லேப் சேர்தான் நம்ம பக்கம்னு சொல்லுவாங்க" என்றார். சுற்றிலும் ஆட்கள். கையை விடுவிக்கவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை.

எட்டுக் கட்டில்களும் இன்றும் கறுத்த செம்போடு வாட்டில் இருக்கின்றன. மறுபடி வார்னிஷ் பூச ஒருவர் எழுத்தில் கட்டளை கொடுக்க வேண்டும், யாரும் கொடுக்கவில்லை.

இன்று காலை அந்த அறிக்கையில் கையொப்பமிட்டு அலுவலகத்தில் ஒப்படைத்தேன். பரிசோதித்த திகதியும் அதில் இருக்கிறது, இன்றைய திகதியும் இருக்கிறது. நடுவில் கழிந்த காலத்துக்கு விளக்கம் எழுதவில்லை. கேட்டால் சொல்வேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது துணிவு என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவர் எனக்கு விட்டுப்போனது, ஒரு குற்றமும் எழுதப்படாத என் சேவைக் கோப்பு. இவ்வளவு காலமும் அதை அப்படி வைத்திருந்தவர் அவர். இனி அது அப்படி இருக்காது.