வைகைக் கப்பலும் எங்கள் அப்பச்சியும்

எங்களைப் பெற்ற அப்பச்சி சிவபதவி அடைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இன்று இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு, காரைக்குடியில் ரேடியோக் கடை வைத்திருந்தவராகத்தான் அவர்களைத் தெரியும். பேச்சு குறைவு. கடைக்கு வந்தவர் எவ்வளவு கோபமாகப் பேசினாலும், கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்ட பிறகே பதில் சொல்வார்கள். அந்தக் கடைக்கு முன்னால் அவர்கள் கடற்படையில் இருந்ததையும் சிலர் அறிவீர்கள். அங்கே என்ன நடந்தது என்பது எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அதை எழுதலாமா என்று எங்களைப் பெற்ற ஆத்தாவிடம் கேட்டேன்.

"எழுது. தெரியாம இருந்ததுலதான நான் பட்டதெல்லாம். இனியாச்சும் நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்கள்.

அப்பச்சி வலையபட்டியில், பெரிய வீட்டில், சிறிய வருமானத்தில் பிறந்தவர்கள். பர்மாவில் இருந்த கடை கைவிட்டுப் போன பிறகு, மிச்சமிருந்ததை வைத்துத்தான் அவர்களுடைய தகப்பனார் அவர்களைச் சென்னைக்குப் படிக்க அனுப்பினார்கள். படிப்பு முடிவதற்குள் அப்பச்சி கடற்படைக்கு ஆள் எடுத்த இடத்தில் போய் நின்று, தேர்வாகிவிட்டு, அதன் பிறகே வீட்டுக்கு வந்து சொன்னார்கள்.

"கப்பலேறி வியாபாரத்துக்குப் போனவுக நம்ம ஆளுக. பீரங்கிக் கப்பல்ல போயி நிக்க நம்ம வீட்டுல யாருடா இருக்கா?" என்று தகப்பனார் கேட்டார்களாம்.

"நான் இருக்கேன்" என்றார்களாம் அப்பச்சி. தகப்பனாரிடம் அவர்கள் எதிர்த்துப் பேசியது அந்த ஒரு முறைதான் என்று உறவினர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பயிற்சி முடிந்ததும் அவர்களை ‘வைகை’ என்ற காவல் கப்பலில், விளக்கைச் சிமிட்டிச் செய்தி அனுப்பும் வேலையில் போட்டார்கள். அப்போதே அது வயதான கப்பல். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது இங்கிலாந்தில் அவசரமாகக் கட்டப்பட்டு, அந்த ஊர் ஆறு ஒன்றின் பெயரோடு அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல்களுக்குத் துணையாக ஓடியது. போர் முடிந்ததும் துறைமுகத்தில் சும்மா கிடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் நாட்டுக்கு வந்தபோது பழைய பெயரை அழித்து நம் ஆற்றின் பெயரைச் சூட்டினார்கள். அதன் பக்கவாட்டில் பழைய குண்டு துளைத்த இடத்தை இரும்புத் தகடு வைத்து அடைத்திருந்தது, எத்தனை முறை சாயம் பூசினாலும் புடைத்துத் தெரியுமாம். அப்பச்சி வாய்விட்டுப் பெருமையாகச் சொன்ன சில விஷயங்களில் இதுவும் ஒன்று.

அந்தக் கப்பலில் எங்கள் பக்கத்துப் பேச்சுப் பேசியவர் இன்னொருவர்தான். பெயர் சோலைமலை. மானாமதுரைக்கு அருகே, வைகைக் கரையிலேயே ஒரு கிராமம். தாய் தகப்பன் இல்லை. பஞ்சவர்ணம் என்ற தங்கை மட்டும் சித்தப்பா வீட்டில் இருந்தார். சோலைமலை அப்பச்சியை அண்ணே என்று அழைப்பார். "எங்க ஆத்துல தண்ணி கடலுக்குப் போய்ச் சேந்ததே இல்லண்ணே. நான் போய்ச் சேந்துட்டேன் பாத்தீகளா?" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது, அடுத்த விடுப்பில் கல்யாணம் என்று இருந்தது.

அதற்குள் வங்கதேசப் போர் வந்துவிட்டது.

வங்கக் கடலில் ஒரு மாலை நேரம், ஒரு சரக்குக் கப்பல் தீப்பிடித்து மூழ்கிக்கொண்டிருந்தது. அதில் இருந்தவர்கள் தண்ணீரில் தத்தளித்தார்கள். வைகை நின்று, அவர்களைத் தூக்கிவர ஒரு படகை இறக்கியது. படகில் போனவர்களில் சோலைமலையும் ஒருவர். படகு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது, அடியில் நீர்மூழ்கியின் சத்தம் கேட்பதாகக் கப்பலில் எச்சரிக்கை வந்தது. நின்றுகொண்டிருக்கும் கப்பலை அடிப்பது எளிது. கப்பலில் இருந்த அத்தனை பேரின் உயிரையும் நினைத்து, உடனே விலகிப் போக வேண்டும் என்று கேப்டன் முடிவெடுத்தார். படகுக்குச் சொல்லச் சொன்னார். அப்பச்சி விளக்கைச் சிமிட்டிச் சொன்னார்கள்: காத்திருங்கள். திரும்பி வருவோம். சரி என்று படகிலிருந்து பதில் வந்தது.

இருட்டிய பிறகு காற்று கிளம்பிவிட்டது. விடியும்போது வைகை அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. படகு கவிழ்ந்து கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சிலர் உயிரோடு இருந்தார்கள். சோலைமலை இல்லை. சுற்றிச் சுற்றித் தேடினார்கள். வேறு இடத்துக்குப் போகும்படி கட்டளை வந்ததும் கப்பல் கிளம்ப வேண்டியதாயிற்று.

கேப்டனை அப்பச்சி ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால், செய்தியை அனுப்பியது தம் கை என்பதை அவர்களால் கடைசிவரை மறக்க முடியவில்லை.

போர் முடிந்து விடுப்பு கிடைத்ததும் அவர்கள் நேராக வலையபட்டிக்கு வரவில்லை. மானாமதுரைக்குப் போய்ப் பஞ்சவர்ணத்திடம் செய்தியைச் சொன்னார்கள். நின்றுபோக இருந்த கல்யாணத்தை அண்ணன் இடத்தில் நின்று நடத்தி வைத்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு தையிலும், கூடப்பிறந்தவளுக்குக் கொண்டுபோவது போல, வெண்கலப் பானையும் கரும்பும் மஞ்சள் கொத்துமாகப் பொங்கல் சீர் கொண்டுபோனார்கள்.

இதில் எதையும் அவர்கள் வீட்டில் சொல்லவில்லை. அப்போது ஆத்தா புதிதாகக் கல்யாணமாகி வந்தவர்கள். போருக்குப் பின் நான் பிறந்தேன். மூத்த பெண்ணுக்குத் தகப்பனாரைப் பெற்ற தாயின் பெயரை வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பச்சி அதை மீறி எனக்கு வைகை என்று பெயர் வைத்தார்கள். பெரியவர்களுக்கு அது பெரிய மனக்குறை. காரணம் கேட்டவர்களிடம், "நான் வேலை பாத்த கப்பல்" என்று மட்டும் சொன்னார்கள். "இரும்புக்கு வச்ச பேரைப் புள்ளைக்கு வைப்பாகளா?" என்று கேலி பேசினவர்களும் உண்டு.

கடற்படையை விட்டு வந்து காரைக்குடியில் கடை வைத்த பிறகும் தை மாதப் பயணம் நிற்கவில்லை. ஊர் சும்மா இருக்குமா? ஒருநாள் உறவுக்காரர் ஒருவர் வந்து ஆத்தாவிடம் சொன்னார்: "மானாமதுரைப் பக்கம் ஒரு பொம்பள வீட்டுல உங்க வீட்டுக்காரவுக சீரோட போயி எறங்குறாக, ஆச்சி. நான் எங்கண்ணால பாத்தேன்."

அன்று மாலை ஆத்தா கேட்டார்கள். "கூடப்பொறந்தவ மாதிரி" என்றார்கள் அப்பச்சி. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஆத்தா என்னையும் கைக்குழந்தையாக இருந்த தம்பியையும் கூட்டிக்கொண்டு ஆத்தங்குடிக்கு, தம் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஆத்தா ஓரிடத்தில் உட்காராமல் வேலை செய்துகொண்டே இருந்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

மாதங்கள் போயின. ஒருநாள் அப்பச்சி வந்து வாசலிலேயே நின்றார்கள். "வைகைக் கப்பலை ஓய்வு குடுத்து நிறுத்தப் போறாக. பழைய ஆளுகளைக் குடும்பத்தோட கூப்பிட்டிருக்காக. ஒரே ஒரு தடவ எங்கூட வா. அப்புறம் நீ எங்குட்டு இருக்கணும்கிறத நீயே முடிவு பண்ணிக்க" என்றார்கள். ஆத்தா போனார்கள். எங்களையும் அழைத்துக்கொண்டு போனார்கள்.

விசாகப்பட்டினம் துறைமுகத்தில் சூரியன் இறங்கும் நேரம். ஊதுகுழல் ஒலிக்க, கப்பலின் கொடியை இறக்கி மடித்தார்கள். வயதான மாலுமிகள் சிலர் அழுதார்கள். அப்பச்சி அழவில்லை. கூட்டம் கலைந்ததும் எங்களை மேலே, விளக்கு இருந்த இடத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே நின்று, வங்கக் கடலில் அந்த மாலையில் நடந்ததை முதல் முறையாக ஆத்தாவிடம் சொன்னார்கள். நான் ஆத்தாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இத என்கிட்டச் சொல்ல உங்களுக்கு இத்தன வருசமா?" என்று ஆத்தா கேட்டார்கள்.

"சொல்ல வாயெடுத்தா அந்தப் படகு கண்ணு முன்னால வந்து நிக்குது. அதுக்கு மேல வார்த்த வரல."

விளக்கின் மேல் கையை வைத்தபடி அப்பச்சி தொடர்ந்தார்கள். "பொழச்சு வந்தவன்ல ஒருத்தன் ஒரிசாக்காரன். அவனுக்குத் தமிழ் தெரியாது. சோலைமலை எல்லாரையும் தைரியமா இருக்கச் சொல்லி ஒண்ணையே சொல்லிக்கிட்டு இருந்தானாம். அர்த்தம் தெரியாம அவன் அத அப்படியே சொல்லிக் காட்டுனான். வைகை வந்துரும், வைகை வந்துரும்னு."

அப்பச்சி என் தலையில் கை வைத்தார்கள். "வைகைன்னு கூப்பிட்டா ஓடி வந்து நிக்க ஒரு உசுரு வேணும்னு இருந்துச்சு. அதான் புள்ளைக்கு அந்தப் பேரு."

ஊர் திரும்பியபோது ஆத்தா ஆத்தங்குடிக்குப் போகாமல் எங்கள் வீட்டிலேயே இறங்கினார்கள். அடுத்த தை மாதம் சீர்ப் பானைக்கு மஞ்சள் கட்டியது ஆத்தாதான். நாங்கள் எல்லோரும் போனோம். பஞ்சவர்ணம் வாசலுக்கு ஓடிவந்து ஆத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"வாங்க மதினி. வருசா வருசம் அண்ணன் மட்டும் தனியா வாராக. மதினிக்கு எம்மேல என்ன கோவமோ, ஏதோன்னு மருகிக்கிட்டுக் கெடந்தேன்."

ஆத்தா அவர்களைத் தோளோடு அணைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவர்கள் எனக்கு அத்தை.

கப்பலை உடைப்பதற்கு ஏலம் விட்டார்கள் என்ற செய்தி பிறகு வந்தது. அப்பச்சி படித்தார்கள், பேப்பரை மடித்து வைத்தார்கள், கடையைத் திறக்கப் போனார்கள். அதன் பின் அவர்கள் கடலைப் பார்க்கப் போனதே இல்லை. நாங்கள் ராமேஸ்வரம் போனபோதும் வீட்டில் இருந்துகொண்டார்கள். என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார்கள். பேரன் பேத்திகளுக்கு ரேடியோவைப் பிரித்துக் காட்டினார்கள். இளையாத்தங்குடிக் கோயிலில் அர்ச்சனை செய்யும்போது, எங்கள் பெயர்களோடு சோலைமலையின் பெயரையும் ஒரு முறை தாழ்ந்த குரலில் சொல்வார்கள். அர்ச்சகர் ஏன் என்று கேட்டதில்லை.

கடைசி ஆண்டில் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் பேசக்கூடத் தெம்பிருக்காது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தம்பி கெஞ்சினான். "வீட்டுலயே இருந்துக்கிறேன்ப்பா" என்றார்கள். ஒரு காலைப்பொழுதில், ஆத்தா வாயில் ஊற்றிய பால் உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்தது. அவ்வளவுதான்.

நோயில் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், நேரம் பாராமல் கார் எடுத்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், கடையை இன்றும் நடத்திவரும் பழைய பணியாளருக்கும், வீட்டின் உள்முற்றமான வளவில் கூடி நின்று எங்கள் துக்கத்தைத் தாங்கிய பங்காளிகளுக்கும் உறவான தாய பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அன்று வளவில் அப்பச்சியைக் கிடத்தியிருந்தபோது, பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு, நடக்க முடியாமல் நடந்து ஒரு மூதாட்டி வந்து தலைமாட்டில் உட்கார்ந்ததைப் பலரும் பார்த்தீர்கள். யார் என்று என்னிடம் கேட்டீர்கள். எல்லோரும் அழுது ஓய்ந்த பிறகும் அவர்கள் ஓயவில்லை. "போதும் அத்தை, உடம்புக்கு ஆகாது" என்று நான் தோளைத் தொட்டேன்.

"இருக்கட்டும் தாயி" என்றார்கள் பஞ்சவர்ணத்து அத்தை. "எங்கூடப் பொறந்தவனுக்கு அழுக ஒரு உடம்பு கெடைக்கலயே. ரெண்டு பேருக்கும் சேத்து இன்னைக்குத்தான் அழுகுறேன்."