காகங்கள் முகம் கண்டுகொண்ட லைன்மேன்

பங்குனி நான்காம் தேதி காலை பத்தரை மணிக்கு ரெஜிஸின் பிடரியில் முதல் கொத்து விழுந்தது. ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டிலிருந்து பிரியும் குறுக்குத்தெரு ஒன்றில் வண்டியை நிறுத்தி இறங்கியிருந்தான். யாரோ கல்லை விட்டெறிந்ததாக நினைத்துக் கெட்ட வார்த்தையோடு திரும்பினான். தெருவில் யாருமில்லை. கழுத்தைத் தடவிய கை ரத்தமாக வந்தது. அடுத்த கொத்து காது மடலைக் கிழித்தது. அப்போதுதான் காகத்தைப் பார்த்தான்.

ரெஜிஸுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. மின்வாரியத்தில் லைன்மேன், பத்தொன்பது வருட சர்வீஸ். பாலக்கரையில் பிறந்து அங்கேயே வளர்ந்தவன். மனைவி லிசி புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிள்ளைகள் இல்லை. கம்பத்தில் ஏறினால் அவனைப்போல வேலை செய்ய ஆளில்லை என்பார்கள். ஆனால் அவனுக்கு வாய் திறப்பதற்கு முன்பே கை நீண்டுவிடும். கரண்ட் போனதற்காகத் தாயைச் சேர்த்துத் திட்டிய ஓட்டல்காரர் ஒருவரை அவர் கல்லாவிலேயே வைத்து அறைந்தவன். கல்யாணமான முதல் வருடம் லிசியையும் ஒருமுறை அடித்தான். அவள் அழவில்லை. அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தோசைத் திருப்பியை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டி, "இன்னொரு தடவை கை ஓங்கினீங்கன்னா இது மூஞ்சியில இறங்கும்" என்றாள். வீட்டில் அதோடு சரி. வெளியில்தான் அவன் மாறவில்லை.

காகங்கள் அவனைக் குறிவைத்ததற்கு முந்தைய நாள் சங்கதிதான் காரணம். அந்தத் தெருவில் மூன்று நாளில் நான்கு தடவை ஃபியூஸ் போனது. ஏறிப் பார்த்தால், கம்பத்தின் உச்சியில் காகக் கூடு. மாசி, பங்குனியில் இது வழக்கம்தான். கட்டுக்கம்பி, துணி மாட்டும் ஹேங்கர், கிழிந்த கொசுவலையின் கம்பி என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து கட்டிவிடும். காற்றடித்தால் கம்பியோடு கம்பி உரசும். கூட்டை முழுதாக எடுத்துப் பக்கத்து மரத்தின் கவட்டையில் வைத்துவிட்டு வருவதுதான் ரெஜிஸின் பழக்கம். அன்று பதினோரு புகார் பாக்கி இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. கீழே ஒரு வீட்டுக்காரர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டை அப்படியே பிடுங்கித் தெருவில் எறிந்தான். உள்ளே மூன்று குஞ்சுகள் இருந்தன. இறகு முளைக்காத, வாய் மட்டும் சிவந்த குஞ்சுகள். அவன் இறங்குவதற்குள் தெருநாய்கள் வேலையை முடித்துவிட்டன. கம்பத்துக்கு மேலே காகங்கள் வட்டமடித்துக் கத்தியதை அவன் காதில் வாங்கவில்லை.

முதல் வாரம் ரெஜிஸை மட்டுமே அடித்தன. சட்டையை மாற்றிப் பார்த்தான். மழைக்கோட்டு போட்டுப் போனான். எதுவும் பலிக்கவில்லை. தெருமுனையில் அவன் தலை தெரிந்ததும் ஒரு காகம் குரல் கொடுக்கும். நாலா பக்கமிருந்தும் மற்றவை வந்து சேரும். உடன் வேலை பார்க்கும் நிஜாமுதீன் சிரித்துச் சிரித்து ஓய்ந்தான்.

"மாமியார் வீட்டுல கூட உனக்கு இவ்வளவு வரவேற்பு இல்லடா."

இரண்டாவது வாரம் நிஜாமுதீனின் கன்னம் கிழிந்தது. அதன்பின் அவன் சிரிக்கவில்லை. பார்சல் கொண்டுவந்த ஒருவருக்குக் கழுத்தில் காயம். பால்காரர் ஒருவர் சைக்கிளோடு விழுந்தார். தெருக்காரர்கள் குடை பிடித்து நடந்தார்கள். கோயிலுக்கென்று வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களைத் தெருமுனைக்கே போய்த் தலையில் தாம்பாளத்தைக் கவிழ்த்துக் கூட்டிவந்தார்கள். எல்லாவற்றையும்விட அவர்களைக் கலங்கடித்தது வேறொன்று. ரிட்டயரான ஸ்கூல் டீச்சர் கோதைநாயகி மதில்மேல் தினமும் சாதம் வைப்பாள். அதைக் காகங்கள் தொடுவதை நிறுத்திவிட்டன.

"அமாவாசை அன்னிக்குக்கூட வந்து தொடலே. பித்ருக்களுக்கே நம்ம மேல கோபம் வந்துடுத்து" என்றாள் அவள், மகன் ரகுராமிடம்.

"அம்மா, அதுகள் பட்சி. கோபம், தாபம்னு சொல்லிண்டிருக்காதே" என்றான் ரகுராம். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். வாழ்நாளில் ஒருவரையும் அடித்தறியாதவன்.

மூன்றாவது வாரம் ரெஜிஸுக்குப் பொறுமை போயிற்று. ஒரு நாள் மூங்கில் கழியோடு போனான். பாய்ந்து வந்த காகத்தை வீசி அடித்தான். இறக்கை முறிந்து ரோட்டில் விழுந்து துடித்ததைப் பூட்ஸ் காலால் மிதித்தான். எலும்பு நொறுங்கும்வரை மிதித்தான். பிறகு அதன் காலில் கம்பியைக் கட்டிக் கம்பத்தில் ஏறத் தொடங்கினான்.

"வேணாண்டா ரெஜிஸு. செத்ததைக் குப்பையில போட்டுட்டு வா" என்றான் நிஜாமுதீன்.

"தொட்டியத்துல எங்க மாமா வாழைத் தோப்புல இப்படித்தான் ஒண்ணை அடிச்சுத் தொங்கவிடுவாரு. அப்புறம் ஒண்ணுகூட அண்டாது."

வாழைத் தோப்பில் நடந்தது இங்கே நடக்கவில்லை. மத்தியானத்துக்குள் இருநூறு காகங்களாவது அந்தத் தெருவில் வந்து இறங்கின. கம்பி, மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் கறுத்தன. பொழுது சாயும்வரை கத்தின. மறுநாளும் வந்தன.

மறுநாள் மாலை நாலரைக்கு ரகுராமின் மனைவி ஹம்ஸா காய்கறிப் பையோடு ஸ்கூட்டரில் தெருவுக்குள் திரும்பினாள். ஒரு காகம் முகத்துக்கு நேரே வந்து மோதியது. இன்னொன்று கழுத்தில் கொத்தியது. ஹம்ஸா ஒரு கையால் முகத்தை மறைத்தாள்; வண்டி சாய்ந்தது. பின்னால் வந்த தண்ணீர் கேன் வண்டிக்காரர் பிரேக் போட்டும் வண்டி நிற்கவில்லை. சக்கரம் அவளுடைய இடது முழங்காலுக்குக் கீழே ஏறி இறங்கியது. அவள் அலறல் மேலூர் ரோடுவரை கேட்டது.

செத்த காகத்தை இறக்கச் சொல்லி அதிகாரி அனுப்பியிருந்ததால் ரெஜிஸும் நிஜாமுதீனும் சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். ரகுராம் மனைவியின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். பாதம் இருக்க வேண்டிய திசையில் இல்லை. காலுறைக்கு மேலே எலும்பு வெளியே தெரிந்தது. அவன் தலை நிமிர்ந்தபோது ரெஜிஸைப் பார்த்தான்.

"நீதானே கூட்டைக் கலைச்சே? நீதானே அதை அடிச்சுத் தொங்கவிட்டே?"

ஹம்ஸாவின் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ரெஜிஸின் நெற்றியில் ஓங்கி அடித்தான். தோல் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. ரெஜிஸின் கை தானாகவே எழுந்தது. ஒரே குத்து. ரகுராமின் முன்பல் ஒன்று உடைந்து ரோட்டில் விழுந்தது. அவன் அசரவில்லை, மறுபடி ஹெல்மெட்டை ஓங்கினான். ரெஜிஸ் அப்போதுதான் அதன் நிறத்தைப் பார்த்தான்.

மஞ்சள்.

ரெஜிஸின் ஹெல்மெட் மஞ்சள். நிஜாமுதீனுடையதும் மஞ்சள். பார்சல்காரர் போட்டிருந்ததும், பால்காரர் வெயிலுக்குக் கட்டியிருந்த தலைப்பாகையும் மஞ்சள். மூன்று வாரமாக யாருக்கும் எட்டாத கணக்கு அந்த ஒரு நொடியில் அவனுக்குப் புரிந்துவிட்டது: மஞ்சள் தலை எல்லாமே காகங்களுக்கு அவன் தலைதான். தூக்கிய கை கீழே இறங்கியது.

பிறகு அவன் தடுக்கவில்லை. எதிர்வீட்டு சேஷு வயிற்றில் உதைத்தார். அவர் கோயிலில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர், அறுபத்தைந்து வயது. இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தர் செருப்பால் அடித்தார். நிஜாமுதீன் குறுக்கே விழுந்து அவனை இழுத்துக்கொண்டு போனான்.

நெற்றியில் ஏழு தையல். புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் தைக்கும்போது பஞ்சை எடுத்துக் கொடுத்தவள் லிசி.

"எத்தனை பேரு?" என்று கேட்டாள்.

"அஞ்சு."

"நீங்க எத்தனை பேரை அடிச்சீங்க?"

"ஒருத்தரை."

"ஏன் நிறுத்துனீங்க?"

லிசி வியப்போடு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு தரப்பும் புகார் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தன. ஹம்ஸாவின் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் உள்ளே கம்பி வைக்க வேண்டியிருந்தது. அந்தத் தெருவை நிஜாமுதீன் பார்த்துக்கொண்டான், தலையில் நீலத் துணி கட்டி.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு வந்தது. காலைப் பூசை முடிந்து நேராக டியூட்டிக்கு வந்திருந்தான் ரெஜிஸ். நிஜாமுதீனுக்கு அன்று லீவு. பதினொன்றரை மணிக்கு செல்போன் அடித்தது.

"ரெஜிஸா? நான் கோதைநாயகி பேசறேன். கம்பி அறுந்து எங்காத்து கேட் மேல விழுந்துடுத்து. ரகு தெரியாம தொட்டுட்டான். தூக்கி எறிஞ்சுடுத்து. கேட் பக்கத்துலயே கிடக்கான். மூச்சு இருக்கு. கம்பியிலேர்ந்து அவன் கால்கிட்ட பொறி பறக்கறது. நான் இழுத்துடட்டுமா?"

"தொடாதீங்க! கேட்டையும் தொடாதீங்க, அவரையும் தொடாதீங்க. அங்கேயே நில்லுங்க. இதோ வந்துட்டேன்."

இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தான். ஹெல்மெட்டைத் தொடவில்லை. தெருமுனை ட்ரான்ஸ்பார்மரில் ஃபியூஸைப் பிடுங்கினால் தெரு முழுக்கக் கரண்ட் நிற்கும். அதன்மேல் வளைந்திருந்த புங்க மரத்தில்தான் காகங்கள் புதிதாகக் கூடு கட்டியிருந்தன.

அவன் முகம் தெரிந்ததுமே ஒரு காகம் கத்தியது.

ட்ரான்ஸ்பார்மர் மேடையில் ஏறிக் கையுறையை மாட்டுவதற்குள் நான்கைந்து கொத்து விழுந்துவிட்டது. மூன்று ஃபியூஸ். துருவேறி இறுகியிருந்தன, ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால்தான் வரும். முகத்தை மறைக்கக் கை இல்லை. முதல் ஃபியூஸ் வந்தது. உச்சந்தலையில் கொத்தின, நெற்றித் தையலைப் பிரித்தன. ரத்தம் மூக்கில் வழிந்து வாய்க்குள் உப்புக் கரித்தது. இரண்டாவதும் வந்தது. தூரத்தில் கோதைநாயகி "ரகு, ரகு" என்று கத்துவது கேட்டது; மகனை நோக்கி அவள் அடியெடுத்து வைப்பது கடைக்கண்ணில் தெரிந்தது.

"போகாதீங்கம்மா!" என்று அவன் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிய கணத்தில் அலகு இடது கண்ணுக்குள் இறங்கியது.

மிருகம்போல ஊளையிட்டான். கை மட்டும் மூன்றாவது ஃபியூஸை விடவில்லை. மேடையில் காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தான். பிடுங்கிக்கொண்டு வந்தது. அந்த வேகத்திலேயே கீழே விழுந்தான். கேட்டில் பறந்த பொறி நின்றது.

கோதைநாயகி மகனிடம் ஓடினாள். ரகுராமின் வலது உள்ளங்கை கருகியிருந்தது; உயிர் இருந்தது. ட்ரான்ஸ்பார்மருக்கு அடியில் கண்ணைப் பொத்திச் சுருண்டு கிடந்த ரெஜிஸை அப்போதும் காகங்கள் விடவில்லை. எட்டு நாள் முன்பு அவனை உதைத்த சேஷுதான் குடையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார். அவன்மேல் குனிந்து உட்கார்ந்து இருவருக்குமாகக் குடையைப் பிடித்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை குடைத்துணியில் காகங்கள் மோதிக்கொண்டே இருந்தன.

"கொஞ்சம் பொறுத்துக்கோப்பா. இதோ வந்துடும், இதோ வந்துடும்" என்று சொல்லிக்கொண்டிருந்த அவர் கையும் கிழிந்திருந்தது.

இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம், கையில் கட்டோடு ரகுராம் பாலக்கரை வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்த லிசி அவனை உள்ளே கூப்பிடவில்லை.

"நீங்க ஹெல்மெட்டால அடிச்ச இடத்துத் தையல்தான் முதல்ல பிரிஞ்சுச்சாம்" என்றாள். "அதைச் சொல்லணும்னு இருந்தேன். சொல்லிட்டேன். இப்ப உள்ள வாங்க."

ரகுராம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். பேச எதையோ தயார் செய்துகொண்டு வந்திருப்பான், வாயில் வரவில்லை. உடைந்த பல்லின் இடைவெளி தெரிய அழுதான்.

"அவங்க கால் எப்படி இருக்கு?" என்று கேட்டான் ரெஜிஸ்.

"நடக்க ஆறு மாசமாகும்ங்கறா."

"அந்தக் கால் என்னாலதான் சார் போச்சு. கண்ணை வச்சு அதைச் சரிக்கட்டிட்டேன்னு நான் நினைக்கல."

ரகுராம் காபி குடித்துவிட்டுப் போனான். அவர்கள் நண்பர்கள் ஆகிவிடவில்லை. வைகாசியில் குஞ்சுகள் பறந்துபோக, காகங்களின் ஆத்திரமும் அடங்கியது.

ரெஜிஸுக்கு ஆபீஸில் புகார் எழுதும் வேலை கொடுத்தார்கள். ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாமல் பஸ் படியில் இரண்டு முறை விழுந்தான். தாங்கிப் பிடிக்க வந்தவரைத் திட்டினான். வீட்டுக்குப் போய் அதை நினைத்து வெட்கப்பட்டான்.

ஐப்பசியில் ஒரு நாள், ஊன்றுகோலோடு ஒரு பெண் மேஜைக்கு முன் வந்து நின்றாள். வலியில் கோணிய அவள் முகத்தைத்தான் ரெஜிஸ் அன்று பார்த்திருந்தான், அடையாளம் தெரியவில்லை.

"ஹம்ஸா" என்றாள். "உங்க மேல எனக்குக் கோபம் இன்னும் போகல. அவர் உசிரோட இருக்கறதுக்கு நீங்கதான் காரணம்ங்கறதும் தெரியும். ரெண்டுல எதைச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இத்தனை நாள் வரல."

"உக்காருங்கம்மா."

"வேண்டாம், உக்காந்தா எழுந்துக்கறது கஷ்டம். எங்க வாசலுக்கு மேல போற கம்பியை மாத்தித் தரணும். அதுக்கு அடியில நடக்க எனக்குப் பயமா இருக்கு."

ரெஜிஸ் அவள் பெயரில் மனுவை எழுதி, கையெழுத்து வாங்கி, தானே உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தான். அடுத்த வாரம் வேலை நடந்தது. கம்பத்தில் நிஜாமுதீன். கீழே கழுத்தை அண்ணாந்து, கறுப்புக் கண்ணாடியோடு ரெஜிஸ். கேட்டுக்குள் ஊன்றுகோலைப் பிடித்தபடி ஹம்ஸா.

"தொய்யுதுடா! கண்ணு எனக்கா போச்சு, உனக்கா? இன்னும் இழுத்துக் கட்டு" என்று கத்தினான் ரெஜிஸ்.

"நீ வந்து கட்டுடா" என்றான் மேலிருந்து நிஜாமுதீன். சொல்லிவிட்டு இன்னொரு சுற்று இழுத்து முடுக்கினான்.