லோஹேகாவில் பதிந்த வளைகாப்புப் பாட்டு

என் பாட்டைத் திருடியவன் அதில் ஒரு சொல்லையோ ஒரு சுரத்தையோ மாற்றவில்லை. பெயரை மட்டும்தான் மாற்றினான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், மரியாதையாக அவர் என்றுதான் எழுத வேண்டும். கை வரவில்லை. அவன் என்றே எழுதிவிட்டுப் போகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. என் கணவர் விமானப்படையில் டெக்னீஷியன். புனேயில், லோஹேகாவ் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் கோயம்புத்தூர்க்காரி. முறையாகச் சங்கீதம் படித்தவள் இல்லை, ஆனால் வரி கட்டி மெட்டுப் போட எனக்கு வரும். ஹிஞ்சேவாடிக் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த இளம் ஜோடிகள் அப்போது ஊர் முழுக்க நிறைந்திருந்தார்கள். வாரம் தவறாமல் யாராவது ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு நடக்கும். சாதம் கலக்க ஆள் இருக்கும், வளையல் வாங்க ஆள் இருக்கும், பாடத்தான் ஆள் இருக்காது. நான் போய்ப் பாடுவேன்.

ஊரில் பாடுகிற பழைய பாட்டுகள் இந்தப் பெண்களுக்கு ஒட்டவில்லை. ஆகவே நானே ஒன்று கட்டினேன். ஏழாம் மாசத்துக்காரி புளிக்கு ஏங்குகிறாள், கிடைப்பதோ வடாபாவ். தாலி கட்டியவன் கம்பெனி கேப் வண்டியில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறான். ரயில் டிக்கெட் கிடைக்காமல் அம்மா கோயம்புத்தூரிலேயே நிற்கிறாள். கேட்டவர்கள் முதலில் சிரிப்பார்கள், அம்மா வருகிற இடத்தில் அழுவார்கள். அதற்காகவே என்னைக் கூப்பிட்டார்கள். மற்ற எல்லா இடத்திலும் நான் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா. அந்தப் பாட்டில் மட்டும்தான் நான் நானாக இருந்தேன்.

அவன் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கலைப்பிரிவைப் பார்த்துக்கொண்டவன். ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலை. "மேடம், இதெல்லாம் வாயோட போயிடக் கூடாது. ரெக்கார்டு பண்ணி சங்கத்து சிடில போட்டுடலாம்" என்று லேப்டாப்பும் மைக்குமாக வீட்டுக்கே வந்தான். அவன் மனைவியும் கூட வந்திருந்தாள். அதிகம் பேசாத பெண். என்னை அக்கா என்பாள். அவளும் பாடுவாள் என்று அவன் சொன்னான். நான் பெரிதாகக் காதில் வாங்கவில்லை.

பாதிப் பாட்டில் விமானம் கிளம்பிவிட்டது. லோஹேகாவில் குடியிருந்தவர்களுக்கு இது புரியும். போர் விமானம் தலைக்கு மேலே போகும்போது நாங்கள் யாரும் கத்திப் பேச மாட்டோம். எந்தச் சொல்லில் இருந்தோமோ அந்தச் சொல்லிலேயே வாயை மூடிக்கொள்வோம். சத்தம் ஓய்ந்ததும் "போயிடுச்சு, சொல்லு" என்று யாராவது சொல்வார்கள், விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். சண்டை போடும்போதும் அப்படித்தான். அன்றைக்கும் "அம்மா" என்று தொடங்கியவள் அப்படியே நின்று, விமானம் போனதும் "வரலையே" என்று முடித்தேன். அவன் மறுபடி பாடச் சொல்லவில்லை. சத்தத்தைக் கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாம் என்றான். சொன்னபடியே அழித்தான். சத்தம் போய்விட்டது, வெறும் மௌனம் மட்டும் அந்த இடத்தில் நின்றுவிட்டது.

சில மாதங்கள் கழித்துக் கோந்த்வாவில் ஒரு வளைகாப்பு. நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் என் பாட்டு ஓடியது. பெருமையாகத் திரையைப் பார்த்தேன். பாட்டின் பெயருக்குப் பக்கத்தில், பாடியவர் என்ற இடத்தில், அவன் மனைவியின் பெயர். ஆக்கமும் அவளே. குரல் தெரியாதா என்று கேட்கலாம். அந்த மைக்கிலும் அவன் போட்டிருந்த எதிரொலியிலும் யார் பாடினாலும் ஒன்றுபோலத்தான் கேட்கும். நான் பாடி நேரில் கேட்டவர்கள்கூட, அவள் கட்டியதைத்தான் நான் பாடி வந்தேன் என்று நம்பிவிட்டார்கள்.

அன்றைக்கே போன் செய்தேன்.

"ஓ, அதுவா மேடம்? ஃபோல்டர்ல என் ஒய்ஃப் பாடினதும் இருந்துச்சு. எல்லாம் ஒரே பேர்ல இருக்கட்டும்னு மாத்திட்டேன். ஃபைல் பேரை மாத்தினா பாட்டு மாறிடுமா? உள்ள ஒண்ணத்தையும் தொடலையே, நீங்களே போட்டுக் கேளுங்க."

போனை வைத்தேன். கணவரிடம் சொன்னேன்.

"விடு அம்மிணி. பாட்டு நாலு பேர்கிட்டப் போகுதில்ல, சந்தோசப்படு" என்றார்.

"நீங்க ராத்திரி பகலா சரி பண்ணின இஞ்சின்ல பக்கத்து வீட்டுக்காரர் பேரை எழுதினா சந்தோசப்படுவீங்களா?"

அவர் தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தார். அவர் வாயை அடைத்துவிட்டேனே தவிர எனக்கு ஆறவில்லை.

பாட்டு மாறாதாம். எவ்வளவு மாறியது என்று எனக்குத்தான் தெரியும். சங்கத்தில் ஒரு பேராசிரியை அம்மா இருந்தார். அவர் ஒருநாள் என் எதிரிலேயே நாலு பெண்களுக்கு விளக்கினார்: "அம்மான்னு சொல்லிட்டு இந்தப் பொண்ணு நிறுத்துறா பாருங்க. அடுத்த வார்த்தை வரல அவளுக்கு. என்ன ஒரு ஏக்கம்!" பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் பெயர் போட்டிருந்தால் லோஹேகாவ்க்காரி பாடியது என்று தெரிந்திருக்கும், விமானம் போயிருக்கிறது என்று யாராவது சொல்லிச் சிரித்திருப்பார்கள். அவள் பெயரில் அது மகா கலையாகிவிட்டது. என் பாட்டிலிருந்து விமானத்தை எடுத்துவிட்டு ஏக்கத்தை உட்கார வைத்துவிட்டார்கள். காதில் விழுவது ஒன்றேதான், ஆனால் கேட்கிறவர்கள் கேட்டது வேறு பாட்டு. இதை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? புரியவைக்க வேண்டாம், அழவைத்தால் போதும் என்று முடிவு செய்தேன்.

பொங்கல் விழா வந்தது. மகளிர் பிரிவுக் கூட்டத்தில் நானே எழுந்து, அந்த வளைகாப்புப் பாட்டை அவன் மனைவி மேடையில் நேரில் பாட வேண்டும் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் முகம் வெளுத்தது.

"அக்கா, நீங்களே பாடுங்களேன்" என்றாள்.

"உன் பாட்டை நான் எப்படிம்மா பாடறது?" என்றேன். இதைவிட இனிப்பாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவளுக்கும் நடந்ததில் பங்கு உண்டு என்பதுதான் என் எண்ணம். புருஷன் இவள் பெயரைப் போட்டபோது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா?

விழாவன்று எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்களைக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தேன். அவர்களிடம் எதையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அவள் பட்டுப் புடவையில் மேடையேறிப் பாடினாள். சிடியைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள் என்பது முதல் அடியிலேயே தெரிந்தது. நான் மூச்சு வாங்கிய இடத்தில் அவளும் வாங்கினாள். "அம்மா" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பேராசிரியை அம்மா தலையை ஆட்டினார். அரங்கமே அடங்கியிருந்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள், சிடியில் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்.

முன்வரிசையில் இருந்த ஒரு சார்ஜென்ட் மனைவி, புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள், பழக்க தோஷத்தில் குரல் கொடுத்தாள்: "அரே, பிளேன் போயிடுச்சும்மா, பாடு!"

எங்கள் வரிசை வெடித்துச் சிரித்தது. பின்னால் இருந்தவர்கள் என்ன என்று கேட்க, இவர்கள் திரும்பி விளக்க, சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போனது. விமானம் தலைக்கு மேல் போகாத வீட்டில் இருப்பவள் எதற்கு அங்கே நிறுத்தினாள் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. யார் பாட்டு என்பதும் விளங்கிவிட்டது. அவள் மீதி அடிகளை எப்படியோ பாடி முடித்துவிட்டு இறங்கினாள். அவன் ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றான். எனக்கு வயிறு குளிர்ந்தது. அன்றைய பொங்கலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பெயரைத் திருத்திப் புது சிடி போட வேண்டும் என்று சங்கத்தார் அவனிடம் சொன்னார்கள். அவனும் திருத்தினான். ஃபோல்டரில் இருந்த அத்தனை பாட்டையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே வீச்சில் என் பெயரைப் போட்டுவிட்டான். என் பாட்டோடு அவன் மனைவி கட்டிப் பாடியவையும் என் பெயருக்கு வந்துவிட்டன. சோம்பலா, வன்மமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த சிடியிலிருந்து பிரதி எடுத்து, பிரதியிலிருந்து பிரதி எடுத்து, ஹிஞ்சேவாடி கேபுகளில் எல்லாம் ஓடியது. நான் அதை வாங்கி என் பெயரைப் பார்த்தேன், என் பாட்டைக் கேட்டேன், மற்றதைக் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு மறுபடி கோந்த்வாவில் ஒரு வீடு. குழந்தைக்குப் பெயர் சூட்டும் விழா. அவன் வெளியூர் போயிருந்தான், அவள் தனியாக வந்திருந்தாள். பொங்கல் விழாவுக்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. சமையலறை வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை அழுததும் வீட்டுக்காரப் பெண் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் ஒரு தாலாட்டைப் போட்டாள்.

நான் அதற்கு முன் கேட்டிராத பாட்டு. நாலே அடி. தூங்கு என்றுகூட அதில் சொல்லவில்லை. ஜன்னல் வழியே தெரிகிற ஒவ்வொன்றையும் குழந்தைக்குக் காட்டிக் காட்டி, ஒவ்வொன்றும் தூங்கப் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டே போகிறது. கடைசியில் ஜன்னலும் இல்லை. குழந்தை அழுகையை நிறுத்தியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த கணமே வயிறு எரிந்தது. அப்படி ஒன்றை நான் கட்டியதில்லை, என்னால் கட்டவும் முடியாது.

"அக்கா, இதைப் போட்டாத்தான் இவ தூங்கறா" என்றாள் வீட்டுக்காரப் பெண். "வளைகாப்புப் பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க பண்ணினதுலயே இதுதான்க்கா உசத்தி. எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

திரையில் என் பெயர் இருந்தது. வெற்றிலை மடித்த கை நின்றுவிட்டதை நான் பார்க்காமலே பார்த்தேன். என் பாட்டை அவள் தலையில் சூடிக்கொண்டு திரிந்த மாதங்கள் எல்லாம் எனக்கு ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தன.

"எங்க பெரியவ கைக்குழந்தையா இருக்கறப்போ கட்டினது" என்றேன். "ஒரு நாள் மத்தியானம் சும்மா ஜன்னல்கிட்ட நின்னுட்டு இருந்தேன், தானா வந்துச்சு."

வீட்டுக்காரப் பெண் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, அங்கே உட்கார்ந்திருப்பவளைத் தனியாக விடக் கூடாதே என்ற உபசாரத்தில், சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் பாடுவீங்களாமே? உங்க வீட்டுக்காரரு சொல்லியிருக்காரு. ஒண்ணு பாடுங்களேன்."

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொல்லட்டும், ஒரு கை பார்த்துவிடலாம் என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். நாலு அடியை அங்கேயே பாடியிருந்தால் போதும், என் கதை முடிந்திருக்கும்.

"இல்லீங்க, எனக்குப் பாட வராது" என்றாள். தலையைக் குனிந்து அடுத்த வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினாள்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அந்தத் தாலாட்டு இருந்தது. என் பெயரை அழித்து அவள் பெயரைப் போட ஒரு நிமிஷம் ஆகாது, என் பெண்ணே எனக்கு அதைக் கற்றுக்கொடுத்திருந்தாள். நான் போடவில்லை. இப்போது எங்கே யார் அந்தப் பாட்டைப் புகழ்ந்தாலும், அது என்னுடையதுதான் என்று சொல்லிவிடுகிறேன்.