அம்பாசடர் சத்தமும் நான் பட்ட பாடும்

பழைய காரில் சத்தத்தைக் குறைப்பது கூட்டுக் குடும்பத்தில் பஞ்சாயத்து பண்ணுவது மாதிரி. உரக்கக் கத்துகிறவரை உட்கார வைத்தால், அதுவரை வாயே திறக்காதவர் ஆரம்பிப்பார். இன்ஜின் உறுமலை அடக்கினால் டயர் சத்தம் வரும். டயரை அடக்கினால் கண்ணாடி கடகடக்கும். அதையும் அடக்கினால் டேஷ்போர்டுக்குள் எங்கோ ஒரு ஸ்குரூ நறநறக்கும். புனேவில், கட்கி பக்கத்துச் சந்து ஒன்றில், பன்னிரண்டு வருஷமாக நான் இந்தப் பஞ்சாயத்தைத்தான் பண்ணிக்கொண்டிருக்கிறேன். பழைய கார் வைத்துக்கொண்டு நிம்மதியைத் தொலைத்தவர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

தட்டும் வியாதி

தகரத்தை விரல் முட்டியால் தட்டினால் 'டங்' என்று வந்தால் அது சத்தம் போடும் தகரம். அதிர்வை அடக்கும் ஒட்டு ஷீட் போட வேண்டும். 'டொப்' என்று வந்தால் விட்டுவிடலாம். தொழிலின் அரிச்சுவடி இதுதான். கஷ்டம் என்னவென்றால், கை கடையோடு நிற்பதில்லை. பிரிட்ஜ், பீரோ, லிப்ட் கதவு, எதையும் தட்டாமல் என்னால் தாண்ட முடியாது. ஒரு இடத்தில் சும்மா உட்கார் என்றால் உட்கார மாட்டேன். உட்கார்ந்தால் நாற்காலியைத் தட்டுவேன்.

கராடியில் மைத்துனனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் அவர்கள் வீட்டு இரும்பு பீரோவைத் தட்டிப் பார்த்து, கீழ்த் தட்டு லூசாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் என் மனைவி கவிதா சொன்னாள்: "பொண்ணு பாக்கப் போறோமா, பீரோ பாக்கப் போறோமான்னு அடுத்த வாட்டி வீட்லயே முடிவு பண்ணிட்டுக் கெளம்பலாம்."

கதவுக்குள் தண்ணீர்

கார்க் கதவின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேற வைத்தது. தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு ஓட்டை என்று ஒன்றைப் பார்த்தாலே ஆகாது. ஓட்டை இருந்தால் சத்தம் வரும், அடை. அவ்வளவுதான் என் படிப்பு.

ஹிஞ்சேவாடியில் சாப்ட்வேர் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், அவர் அப்பா ஓட்டிய காரைக் கொண்டுவந்தார். நாலு கதவையும் ஈ புகாமல் அடைத்துக் கொடுத்தேன். பிறகு மழைக்காலம் வந்தது. நின்று நின்று போகும் அந்த ஹிஞ்சேவாடி டிராபிக்கில், ஒவ்வொரு பிரேக்குக்கும் கதவுக்குள் தண்ணீர் முன்னே போய்ப் பின்னே வந்திருக்கிறது. மனுஷர் கோபப்படவே இல்லை. வண்டியை என் கடை முன்னால் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பழைய சத்தமெல்லாம் சுத்தமாப் போயிருச்சுங்ண்ணா. இப்பக் கதவுக்குள்ள தண்ணி குலுங்கறது மட்டுந்தான் கேக்குதுங்."

டீச்சரம்மா கேட்டது

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை. இந்த வருஷம் வந்த ஒரு வேலையை அப்படிச் சிரித்துத் தள்ள முடியவில்லை.

ராஜேஸ்வரி டீச்சர் கேம்ப் ஏரியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ரிட்டயர் ஆனவர். மூன்று தலைமுறையாகப் புனே. அவர் கணவரை நாங்கள் சார் என்போம், அவருக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. கைகால் ஓரளவு தேறிவிட்டது, குரல் மட்டும் தேறவில்லை. பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும். வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு டீச்சரம்மாதான் தங்கள் பழைய அம்பாசடரில் கூட்டிப்போகிறார். ஆட்டோ, டாக்சி எதிலும் சார் ஏற மாட்டார். வழியில் அவர் ஏதோ சொல்வார். வண்டிச் சத்தத்தில் டீச்சரம்மாவுக்கு ஒன்றும் கேட்காது. ஓரம் கட்டி, "என்ன சொன்னீங்க?" என்று கேட்பதற்குள் அவர் கோபித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். பேசப் பேசத்தான் குரல் வரும் என்று டாக்டர் சொல்கிறார். அவரோ கொஞ்சம் கொஞ்சமாக வீட்டிலும் பேச்சை நிறுத்திக்கொண்டு வருகிறார்.

இதைச் சொல்லும்போது டீச்சரம்மா என்னைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டேன். சாவியை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அவர் சொல்றது என் காதுல விழணும் செல்வம். அவ்ளோதான்."

இருபது வரை

தரை, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு, நாலு கதவு. எல்லாவற்றையும் சுரண்டி, துடைத்து, ஷீட் ஒட்டி, ஹீட் கன்னால் சூடு காட்டி, ரோலரால் தேய்த்தேன். கதவு ரப்பர் பீடிங் எல்லாம் புதுசு. தண்ணீர் ஓட்டைகளை, சாமி சத்தியமாக, திறந்தே விட்டேன். ஐந்தாம் நாள் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம்.

சலீம் என் பக்கத்துக் கடையில் சீட் தைக்கிறவன். என் வயசுதான். அவனை இடது பக்கம் சார் சீட்டில் உட்கார வைத்து, சார் மாதிரி மெல்லிய குரலில் ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணச் சொன்னேன். நான் ஓட்டுவேன், காதில் விழும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஸ்டியரிங்கில் ஒரு விரலைத் தூக்குவேன். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனோம். டயர் சத்தம்தான் கேட்டது. என் விரல் எழும்பவே மாட்டேன் என்றது. சிக்னலில் வண்டி நின்றதும் சலீம் சொன்னான்: "பாய், மை பீஸ் தக் கின் சுகா, து அபி தீன் பே ஹை." அவன் இருபதை முடித்துவிட்டான், என் கணக்கு மூன்றில் நிற்கிறது.

அடுக்கிக்கொண்டே போனது

எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மேற்கூரைத் துணியைப் பிரித்து உள்ளே ஷீட் ஒட்டினேன். ஓட்டிப் பார்த்தோம், ஐந்து. டிக்கியில் ஒட்டினேன், நாலு. பின்சீட்டுக்கு அடியில் இரண்டு அடுக்கு. சக்கரத்துக்கு மேல் வளைவில் இன்னும் இரண்டு. கடைக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். டீச்சரம்மா தினம் ஒரு தடவை போன் பண்ணி, "ஆச்சா?" என்று மட்டும் கேட்பார். நான் "இன்னும் ரெண்டு நாள்" என்பேன். அந்த இரண்டு நாளில் சார் இன்னும் எத்தனை வார்த்தையைக் குறைத்துக்கொண்டாரோ என்று என் மனசு அடித்துக்கொள்ளும்.

சத்தம் அளக்கும் ஆப் ஒன்று சலீம் போனில் இருக்கிறது. முதல் தடவையே சத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது, அதற்கப்புறம் நீ என்ன ஒட்டினாலும் எண் அசையவில்லை என்று காட்டினான். எனக்குச் சுருக்கென்று வந்தது. பன்னிரண்டு வருஷம் இந்தக் காதை வைத்துப் பிழைக்கிறவனிடம் வந்து போனைக் காட்டுகிறாயா என்று எரிந்து விழுந்தேன். அவன் வண்டியைச் சுற்றி வந்தான். பின்பக்கம் பாரத்தில் தாழ்ந்து, டயர் பாதி உள்ளே போயிருந்தது. கதவை இரண்டு கையாலும் தள்ளிச் சாத்திவிட்டு, இது காரா இரும்புப் பெட்டியா என்று அவன் பாஷையில் கேட்டான்: "செல்வம் பாய், ஏ காடி ஹை யா திஜோரி?"

பதினொன்று

பத்தாம் நாள் காலையில் டீச்சரம்மாவே வந்துவிட்டார். இன்னும் முடியவில்லை என்றேன். "எதுவரைக்கும் ஆயிருக்கோ அதுவரைக்கும் பாக்கறேன்" என்று ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். சலீம் இடது பக்கம், நான் பின்சீட்டில். என்ன சொல்லித் திட்டப்போகிறாரோ என்று முன்சீட்டு முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

சலீம் எண்ண ஆரம்பித்தான். ஐந்து நாளாக எண்ணிச் சலித்த குரல், முன்னைவிட மெல்லியதாகத்தான் வந்திருக்கும். டீச்சரம்மா ரோட்டையே பார்த்து ஓட்டினார். இரண்டு ஸ்பீட் பிரேக்கர் தாண்டினார். சலீம் எண்ணி முடித்துச் சாய்ந்ததும், நோட்டுத் திருத்துகிற குரலில் சொன்னார்: "இவன் கியாராவை விட்டுட்டான்." அவன் பதினொன்றை எண்ணாமல் விட்டதுகூட அவர் காதுக்குத் தப்பவில்லை.

சலீம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். கையை நீட்டி என் வலது காதுப் பக்கம் விரலைச் சொடுக்கினான். கேட்டது. இடது காதுப் பக்கம் சொடுக்கினான். விரல்தான் அசைந்தது. நான் போனை எப்போதும் வலது காதில் வைக்கிறவன். கிரைண்டரை இடது தோள் பக்கம் பிடித்துத் தகரம் அறுக்கிறவன். கார் முதல் தடவையே சரியாகிவிட்டிருக்கிறது, கெட்டது நான். ஓட்டுகிறவனுக்கு இடது பக்கம்தான் சார் உட்காருவார், அந்தக் காதை வைத்துத்தான் நான் சோதித்திருக்கிறேன் என்பது ஒரு நிமிஷத்தில் விளங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, ஏனென்றால் எனக்கு வேறு தொழில் தெரியாது. ஏழு வயசுப் பையனைத் தேற்றுவதுபோல் டீச்சரம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "காதுக்கு டாக்டர் இருக்கார் செல்வம். மொதல்ல என் வண்டிக்கு ஏத்தின பாரத்தை எறக்கு."

சார் சொன்னது

கூரையிலும் டிக்கியிலும் ஒட்டியதைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆனது. மறுநாள் பிசியோதெரபிக்குப் போகும்போது என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். சார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். நான் வலது காதை முன்னால் நீட்டிக்கொண்டு, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சிக்னல் போனது. இரண்டாவது சிக்னலும் போனது. பேசமாட்டார் போலிருக்கிறது, நாம் லேட்டாக்கிவிட்டோம் என்று நினைத்தேன்.

மேம்பாலம் ஏறும்போது சார் உதடு அசைந்தது. "கிளட்ச்லேருந்து காலை எடு, ராஜி."

டீச்சரம்மா வண்டியை ஓரம் கட்டவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. காலை எடுத்தார். சார் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார், தன் சொல் போய்ச் சேர்ந்துவிட்டதை நம்ப முடியாத முகத்தோடு. கொஞ்ச தூரம் போனதும் டீச்சரம்மா, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, இத்தனை மாசமாக இதைத்தான் சொன்னீர்களா என்று கேட்டார். சார் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, எனக்கே கேட்கும்படி சொன்னார்: "ஹாரனும் ஜாஸ்தி அடிக்கறே."

புனேவில் எத்தனையோ பழைய காரை அமைதியாக்கிக் கொடுத்த நான், யாரும் ஆர்டர் கொடுக்காமலே பிரமாதமாக முடித்திருக்கும் ஒரே வேலை என் இடது காதுதான்.