ஞாயிற்றுக்கிழமைக் குளிர்

இதைப் படிக்கிற உங்களை நான் நடுவர் நாற்காலியில் அமர்த்தப் போவதில்லை. தீர்ப்பு எனக்குத் தெரியும். அதை நானே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது ஒரு சாட்சி. சாட்சிக்குப் பேசத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பேச்சை நான் இரண்டு ஆயுளுக்குப் போதுமான அளவு பேசித் தீர்த்தாயிற்று.

முதலில் ஒரு சின்ன விஷயத்தைப் பாருங்கள். ஹூஸ்டனில் நான் குடியிருக்கும் அறையில் இருந்தால், வெளியே மழை பெய்வது எனக்குத் தெரியாது. கைபேசிதான் சொல்லும். எழுந்துபோய்ப் பார்த்தால் சன்னல் கண்ணாடியில் நீர்க்கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும். ஒலியை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்ப்பதைப் போலிருக்கும். அந்தச் சன்னல் திறப்பதற்கென்று செய்யப்பட்டதும் அல்ல. வெளியே சென்னையை மிஞ்சும் வெயில், கடற்காற்றின் கசகசப்பு. உள்ளே வருடம் முழுவதும் மார்கழி. இந்த அதிசயத்தைச் செய்வது ஸ்ப்ரே ஃபோம் என்கிற ஒரு நுரை. இரண்டு குழாய்களில் வரும் இரண்டு திரவங்கள் ஒரு துப்பாக்கியின் முனையில் கலக்கும். பட்ட இடத்தில் பால்போலப் பொங்கும். மூச்சு விட்டு மூச்சு வாங்குவதற்குள் இறுகிவிடும். கூரையின் அடியிலும் சுவரின் இடுக்கிலும் அதை அடித்துவிட்டால் வெப்பமும் நுழையாது, ஈரக்காற்றும் நுழையாது, மழையின் சத்தமும் நுழையாது.

அந்த நுரைதான் என் சோறு. கட்டுமான மேலாண்மையில் முதுகலை படித்துவிட்டு, ஃபோம் அடிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். ஆட்டிக் என்று அங்கே சொல்லப்படும் கூரையடிப் பொந்துக்குள் தவழ்ந்துபோய் அளவெடுப்பது என் வேலை. ஆள் வராத நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், வெள்ளை உடுப்பும் முகமூடியும் மாட்டிக்கொண்டு குழாயைப் பிடிப்பதும் என் வேலை. சென்னை அயனம்பாக்கத்தில் அப்பா அம்மாவிடம் நான் சொல்லி வைத்திருந்தது வேறு: ப்ராஜெக்ட் இன்ஜினியர், தனி மேசை, ஏசி அறை. கல்லூரிகளுக்கிடையேயான பேச்சுப்போட்டிகளில் கோப்பை கோப்பையாக வாங்கி வந்து அம்மாவின் ஷோகேஸை நிரப்பியவன், ஒரு பொந்துக்குள் தவழ்கிறான் என்று எந்த வாயால் சொல்வது?

எங்கள் வீடு அயனம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து நாலாவது தெரு. கீழ்த்தளத்தில் குடித்தனக்காரர்கள். மாடியில், இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் கலர் ஷீட் போட்ட ஒற்றை அறையில் அப்பாவும் அம்மாவும். சமையலும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். அப்பா ஏகாம்பரம், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படப் பட்டறையில் மணல் அச்சு அடித்தே ஓய்வு பெற்றவர். பட்டறை விட்டாலும் பட்டறைத் தூசி அவரை விடவில்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். சித்திரை, வைகாசியில் அந்த ஷீட்டுக்கு அடியில் பகலில் இருக்க முடியாது. ஈரத்துண்டை மார்பில் போட்டுக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அங்கேயே மயங்கிச் சாய்ந்தார். அன்றைக்கே முடிவு செய்தேன்: ஊரான் வீட்டைக் குளிரவைக்கும் கை, பெற்றவன் வீட்டைக் குளிரவைக்காதா?

இந்த வாக்கியம் எனக்கு அப்போது மிகவும் பிடித்திருந்தது. அதைச் சொல்லிப் பார்ப்பதற்காகவே பலருக்குத் தொலைபேசினேன்.

முதலில் ஒரு ஏசி வாங்கிக் கொடுத்தேன், அடுத்தது ஃபோம். ஃபோமைத் தேர்ந்தெடுத்ததில் நான் தவறவில்லை. சாட்சி அதையும் குறித்துக்கொள்ளட்டும். பஞ்சுபோல் மிருதுவான ஒரு ரகம் உண்டு. மலிவானது, ஆனால் காற்றின் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். கட்டைபோல் இறுகும் இன்னொரு ரகம் ஈரத்தைக் கடக்க விடாது. ஏரிக்கரை வீட்டில், தகரத்தின் அடியில் அடிப்பதற்கு இரண்டாவதுதான் சரி. அடுப்பு எரிகிற அறை என்பதால் நுரை வெளியே தெரியாதபடி தீத்தாங்கும் பலகையால் மூடவேண்டும் என்றும் சொன்னேன். எல்லாம் சரி. படிப்பு சரி, கணக்கு சரி. வீட்டைத்தான் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஷீட்டைப் போட்டவன் பாபு. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சு. சுவரின் உச்சிக்கும் ஷீட்டுக்கும் நடுவில் சுற்றிலும் நாலு விரல் சந்து விட்டிருந்தான். அதையும் நுரையால் அடைக்கப்போகிறோம் என்று நான் தொலைபேசியில் சொன்னதும் மறுத்தான்.

“மச்சான், ஷீட்டுக்கு அடியில இன்னா வோணா அடி. அந்த சந்த மட்டும் வுட்று. சோறு வடிக்கிற ஆவி, துணி காயிற ஈரம், அல்லாம் அது வழியாத்தான் போயிகினு கீது.”

போட்டி மேடைகளில் ஆறாவது நிமிடம் எச்சரிக்கை மணி அடிப்பார்கள். பாபுவிடம் மணி இல்லை. காற்றுக் கசிவு என்பது ஓட்டைக் குடம் என்றேன்; குடத்தைக் குளிர்வித்துப் பயனென்ன என்றேன்; அனுபவம் வேறு அறிவியல் வேறு என்றேன். அவன் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நீ பேசுனா காலேஜே கைத்தட்டும். நான் இன்னாத்த பேசறது? அடைச்சிக்கோ மச்சான்” என்றான். வென்றுவிட்டதாகக் குறித்துக்கொண்டேன்.

இன்னொருவரும் கேட்டார். மிகேல், ஹோண்டுராஸிலிருந்து வந்தவர், எங்கள் குழுவில் நுரைத் துப்பாக்கி பிடிப்பவர். மதிய இடைவேளையில் அவரிடம் எங்கள் மாடியின் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு தம்முடைய உடைந்த ஆங்கிலத்தில், உங்கள் வீட்டில் ஏசி நாள் முழுவதும் ஓடுமா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. தகரக் கூரையைப் பார்த்துவிட்டு இவர் எங்களை எடை போடுகிறார் என்று நினைத்தேன். எங்கள் நாட்டிலும் ஏசி உண்டு, வாங்கிக் கொடுத்தவனே நான்தான் என்று நிமிர்ந்து சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் உயர்த்தி, நல்லது நல்லது என்று சொல்லிவிட்டுக் குழாயைச் சுருட்டப் போய்விட்டார். ஹோண்டுராஸில் தம் அம்மாவுக்கும் இப்படி ஒரு தகரக் கூரை வீடு என்று பிறகு ஒருநாள் சொன்னார். அதை நினைத்து அவர் கேட்ட கேள்வி அது என்று இப்போது தெரிகிறது. பூட்டிய வீட்டில் காற்றின் ஈரத்தைப் பிழிந்து வெளியேற்றுவது ஏசி. அது ஓடாவிட்டால் அந்த வீடு மூடி போட்ட இட்லிப் பானை. அதைத்தான் அவர் கேட்டார். நான் என் மானத்தைப் பதிலாகச் சொன்னேன்.

பொய்யாகவும் சொல்லவில்லை, என் கண்ணால் கண்டதைத்தான் சொன்னேன். ஒவ்வொரு ஞாயிறும், எனக்குக் காலையும் அவர்களுக்கு மாலையுமான நேரத்தில், வீடியோவில் அழைப்பேன். அம்மா புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு வருவாள். அப்பா போர்வையோடு வந்து உட்காருவார். பின்னால் ஏசியின் பச்சை விளக்கு எரியும். குளிருகிறதா என்பேன். “ஊட்டியாட்டம் கீது நைனா” என்பார் அப்பா.

குளிர்கிடங்குகளுக்கு ஃபோம் அடிக்கும் ஆட்கள் வந்து வேலையை முடித்தார்கள். வாடை போகும்வரை பெற்றோர் ஆவடியில் மாமா வீட்டில் இருந்தார்கள். அந்தக் கோடையின் மிச்ச நாட்களில் அப்பா படியில் உட்காரவில்லை. நான் இங்கிருந்து ஓர் ஆணை பிறப்பித்தேன்: சன்னலைத் திறக்காதீர்கள், குளிர் ஓடிவிடும். ஒருமுறை அல்ல, ஞாயிறுதோறும் சொன்னேன். ஹூஸ்டனில் நம்மவர்கள் கூடிய ஒரு விழாவில், அயலகத்தில் கற்ற அறிவைத் தாயகத்தின் கூரைக்குக் கொண்டுசெல்வது பற்றி முழங்கினேன். உங்களில் சிலர் அன்று அரங்கில் இருந்தீர்கள். கை தட்டினீர்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஓர் அழைப்பில் அப்பா சொன்னார்: “மழ பேயறதே தெரியல நைனா. சத்தமே இல்ல.” அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அவர் இருமத் தொடங்கியதும் அம்மா கேமராவைச் சமையல் பக்கம் திருப்பி, அன்று செய்த வஞ்சிரக் குழம்பைக் காட்டினாள். நானும் குழம்பைப் பார்த்தேன்.

பிறகு ஒரு புதன்கிழமை அழைப்பு வந்தது.

முகப்பேரில் ஒரு மருத்துவமனை. விமான நிலையத்திலிருந்து நேராகப் போனேன். ஆக்சிஜன் முகமூடிக்குள் அப்பாவின் முகம் பாதியாகியிருந்தது. கழுத்தெலும்புகளுக்கு நடுவிலிருந்த குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. வீட்டுக்குள் ஈரம், பூஞ்சை ஏதாவது உண்டா என்று மருத்துவர் கேட்டார். ஏற்கெனவே தூசி தின்ற நுரையீரல், பூஞ்சை படிந்த காற்றைத் தாங்காது என்றார். அந்த இடத்திலும், நம்புங்கள், அந்த இடத்திலும் நான் வாதாடினேன். ஈரம் கடக்காத மூடிய கண்ணறை நுரை, நாள் முழுவதும் குளிர்சாதனம், சன்னல் மூடிய அறை. அங்கே பூஞ்சைக்கு வாய்ப்பே இல்லை என்று விரல் மடக்கி நிரூபித்தேன். மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா என் சட்டையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்தாள்.

“அது ஞாயித்துக்கெழமதான் கண்ணு ஓடும்” என்றாள். “நீ வர்றப்ப. நீ வச்சதும் அமத்திடுவோம்.”

காரணத்தையும் அவளே சொன்னாள்: நம்ம தெருவில் எந்த வீட்டில் நாள் முழுக்க ஓடுகிறது? விருந்தாளி வந்தால் போடுவோம். நீ வாங்கிக் கொடுத்தது சும்மா கிடக்கிறது என்று தெரிந்தால் உன் மனசு சங்கடப்படுமே என்று, நீ கூப்பிடுவதற்கு அரைமணி முன்னால் போட்டுவைப்போம். சன்னலைத் திறக்கக்கூடாது என்றாய், நாங்கள் திறக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு, மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வைப்பதாக வேண்டியிருப்பதையும், மூன்று வாரம் ஆகிவிட்டதையும் சொன்னாள். ஆக, மூன்று வாரமாக அவர் மூச்சுக்குத் தவித்திருக்கிறார். அந்த மூன்று ஞாயிறுகளிலும் நான் பேசியிருக்கிறேன்.

அன்று மாலை பாபுவை அழைத்துக்கொண்டு வீட்டைத் திறந்தேன். நனைந்த சாக்கின் வாடை. ஏசி ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள் ரப்பர் பேண்டு சுற்றி, என் கோப்பைகளுக்கு நடுவில் பத்திரமாக இருந்தது. கட்டிலை இழுத்தோம். அப்பா தலைவைக்கும் பக்கத்துச் சுவர் இடுப்புயரத்துக்குக் கறுத்திருந்தது. சோறு வடித்த ஆவி, கொடியில் காய்ந்த துணியின் ஈரம், இரண்டு பேரின் மூச்சு, எல்லாம் வெளியேற வழியின்றி அந்தச் சுவரில் குடியேறியிருந்தன. பாபு விரலால் அதைச் சுரண்டிப் பார்த்தான். அவன் சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சன்னல்களைத் திறந்தோம். கூரைக்கு அடியிலிருந்த நுரையைத் தொடவில்லை. வெயிலைத் தடுப்பது அது. சுவரோரம் பலகையைக் கழற்றி, சந்தை அடைத்திருந்ததை மட்டும் ஆக்ஸா பிளேடால் அறுத்தெடுத்தோம். மல்லாந்து, கை தூக்கி, கண்ணில் தூள் விழாமல் தலையைச் சாய்த்து நான் அறுத்ததைப் பாபு நின்று பார்த்தான். “இன்னா மச்சான், இன்ஜினியர் கை இம்மாம் ஷோக்கா வேல செய்யுது?” என்றான். நான் அறுத்துக்கொண்டே இருந்தேன். நாலு விரல் அகலத்துக்கு வானம் தெரிந்தது. சந்துக்குக் கொசுவலை அடித்தான். அடுப்புக்கு மேல் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தான். சுவரைத் தேய்த்துக் கழுவினோம். மழை விட்டுவிட்டுப் பெய்ததால் அது காய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. காயும்வரை அப்பாவை அனுப்ப முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே பிரார்த்தனை வெயில். வெயிலை விரட்டிச் சோறு தின்றவன், வெயிலைக் கேட்டு மாடியில் நின்றேன்.

நடுவில் ஒரு நாள், தலையில் நுரைத்தூளோடு மருத்துவமனைக்குப் போனேன். அப்பா முகமூடியைக் கொஞ்சம் விலக்கி, “கைய காட்டு” என்றார். விரல்களின் காய்ப்பைக் கட்டைவிரலால் தடவினார். வாழ்நாள் முழுதும் வேலைக்காரக் கைகளோடு பழகியவர்.

“இது மேசயாண்ட குந்திகினு இருக்கிற கை இல்ல. இன்னா வேல பாக்கற நைனா அங்க?”

சொன்னேன். பொந்தைச் சொன்னேன், தவழ்வதைச் சொன்னேன், முகமூடியைச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் பேசிய மிகச் சிறிய பேச்சு அது. அப்பா சிரித்தார்; சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று.

“அப்ப நீயும் ஏசி போட்டுகினுதான் எங்களாண்ட பேசிகினு இருந்தியா” என்றார்.

நேற்று அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். குணமாகி அல்ல, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கட்டிலருகே ஆக்சிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நாளை மாலை எனக்கு விமானம். இதை எழுதும்போது தூறல் போடுகிறது. கூரை ஊமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அறுத்த சந்தின் வழியே, பக்கத்து வீட்டுத் தகரத்தில் மழை விழுவது கேட்கிறது. அப்பா அந்தப் பக்கம் காதைத் திருப்பிப் படுத்திருக்கிறார். நாளை மறுநாள் நான் மழை கேட்காத அறையில் இருப்பேன். நான் அடைத்ததில் எனக்கென்று மிச்சம் இந்த நாலு விரல் சந்து.

அப்பாவின் கட்டிலருகே மண்டியிட்டு, அம்மாவும் கேட்கும்படி, உரக்கவே சொன்னேன்:

“அப்பா, இனிமே ஞாயித்துக்கெழம கூப்புட மாட்டேன். வேல நாள்ல, பொந்துலேர்ந்து எறங்குன உடனே, அந்த வெள்ள உடுப்போட, வேர்வ தொடைக்காம கூப்புடுவேன். நீங்களும் ஏசி போடாம, ஜன்னல தொறந்து வச்சிகினு வாங்க. மூச்சு வாங்குனா கேமராவ திருப்பாதீங்க. நான் பேசமாட்டேன். கேட்டுகினு இருப்பேன்.”